சிலிண்டருக்கு ஒரு ஜன்னல்

அரிசி தீரப் போகிறதென்றால் டின்னின் அடியில் படி தட்டும். எண்ணெய் குறைந்தால் தூக்கைத் தூக்கும்போதே கை சொல்லிவிடும். பருப்பு, சர்க்கரை, காப்பித்தூள் எல்லாம் கண்ணாடி பாட்டிலில் பளிச்சென்று தெரியும். தீர்ந்து போகும் நிமிஷம் வரை வாயே திறக்காமல் இருப்பது கேஸ் ஒன்றுதான். குக்கரில் இரண்டாவது விசில் வரும் சமயம் பார்த்து நீல ஜ்வாலை சுருங்கும், 'புப்' என்று அணையும். அப்புறம் நாம் போனைத் தேடி ஓடவேண்டும்!

இந்தத் தொல்லைக்கு எங்கள் அடுக்களையில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டோம். பெரிய செலவில்லை. ஆனால் அதனால் கிடைத்த நிம்மதி பெரிசு. சகோதரிகளுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது மலை அடிவாரம். வாணியம்பாடியிலிருந்து காவலூர் வானாய்வுக் கூடத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் மலை ஏறுவார்கள். கார்த்திகை பிறந்தால் போதும், குளிர் மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது. எங்களுக்கு ஒற்றை சிலிண்டர் இணைப்புதான். சாதாரண நாளில் பதிவு செய்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்துவிடும். மழை, பண்டிகை என்றால் இன்னும் இரண்டு நாள் கூடும். மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் பாடு இதைவிடக் கஷ்டம். 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் வந்தபிறகு எத்தனையோ ஏழைப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்பு வந்தது. ஆனால் வண்டி ரோட்டோடு நின்றுவிட்டால், அங்கிருந்து வீடு வரைக்கும் தோள்தானே வாகனம்?

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் அடுக்களையைப் புதுப்பித்தோம். மேடைக்குக் கீழே வரிசையாகப் பலகைக் கதவுகள். சிலிண்டருக்கென்று ஓர் அறை, அதற்கும் ஒரு கதவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரே இருட்டு. குனிந்து பார்த்தால் சிலிண்டரின் கழுத்தும் ரெகுலேட்டரும் தெரியும். உடம்பு தெரியாது. கையை விட்டுத் தொட்டுப் பார்க்கவும் இடமில்லை. இந்த மாதிரிதான் இப்போது பல வீடுகளில் கட்டுகிறார்கள்.

போன மார்கழியில் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. கொஞ்சம் எடை குறைவு, இரண்டு கிலோ நூறு கிராம்தான். மார்பில் வாய் வைத்து உறிஞ்சத் தெம்பில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையால் இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கச் சொன்னார்கள். "ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தையும் பாலாடையையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்மா. அதுல மட்டும் சோம்பல் கூடாது" என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. சாதாரணமாக நாற்பது நாள் வரும். ஆனால் குழந்தைக்கு வெந்நீர், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், பத்தியச் சமையல், ராத்திரியெல்லாம் பாலாடை என்று அடுப்பு ஓயவே இல்லை. 28-ஆம் நாள், விடியற்காலை நாலு மணிக்கு அணைந்துவிட்டது. அதாவது நாளுக்கு அரை கிலோ கேஸ் செலவாகியிருக்கிறது!

பின்கட்டில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினேன். பனியில் நனைந்த விறகு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. உள்ளே குழந்தை பசியில் அழுது அழுது குரல் கம்மிப் போயிற்று. என் பெண் எழுந்து வந்து, "அம்மா, சிலிண்டரை ஆட்டிப் பார்க்கட்டுமா?" என்று குனிந்தாள். என் மாமியார் போட்டாரே ஒரு சத்தம்: "பச்சை உடம்புக்காரி, அதைத் தொட்டேன்னா பாரு! போய்ப் படுடி!" ஒரு வழியாகத் தண்ணீர் கொதித்துப் பால் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர்களுக்கு முக்கால் மணி ஒரு பொருட்டில்லை. இரண்டு கிலோ குழந்தைக்கு அது பெரிய நேரம்.

மாமியார் சொன்னது ரொம்பவும் சரி. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். இரும்பின் எடை பதினைந்து, பதினாறு கிலோ. நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ. பிள்ளை பெற்றவர்களும், ஆபரேஷன் ஆனவர்களும், கர்ப்பிணிகளும் அதைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது.

"ஒரு மீட்டர் வாங்கி மாட்டிட்டா என்ன?" என்றார் இவர். ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டுகிற மீட்டர்கள் கடைகளில் விற்கிறார்கள். அடுப்பைச் சுத்தம் செய்ய வந்த மெக்கானிக் தம்பியைக் கேட்டேன். சிரித்தார். "அக்கா, உள்ள கீறது வெறும் காத்து இல்ல, தண்ணி மாதிரி. மீட்டர் காட்டுறது பிரஷர். முழுசா இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் பிரஷர் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முள்ளு கீழ எறங்கறப்போ உங்க அடுப்பும் எறங்கிடும்" என்றார்.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். நாம் குமிழைத் திருப்பும்போது மேலே இருக்கும் ஆவி வெளியே போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழே உள்ள திரவம் ஆவியாகும். ஒரு சொட்டுத் திரவம் இருக்கிறவரை இது நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கடைசி வரைக்கும் ஜ்வாலை குறையாமல் நம்மை ஏமாற்றுகிறது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். புரொப்பேன் சீக்கிரம் ஆவியாகிவிடும், பியூட்டேனுக்குக் கடுங்குளிர் ஆகாது. இமயமலைப் பக்கம் சிலிண்டரில் மிச்சம் இருக்கும்போதே அடுப்பு தளர்ந்துவிடுவது இதனால்தான்.

அப்படியானால் அளவு பார்ப்பது எப்படி? ஈரத்துணிதான்! அடுப்பு கொஞ்ச நேரம் எரிந்த பிறகு, நனைத்துப் பிழிந்த துணியால் சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக நாலு விரல் அகலத்துக்குத் துடைத்துவிடுங்கள். சில நிமிஷத்தில் மேல்பாகம் காய்ந்துவிடும், கீழ்பாகம் ஈரமாகவே இருக்கும். ஈரம் எங்கே முடிகிறதோ அதுதான் உள்ளே திரவத்தின் மட்டம். திரவம் பக்கத்து இரும்பின் சூட்டை இழுத்துக்கொண்டு குளிர்ச்சியாக வைத்திருப்பதால் அங்கே ஈரம் காய நேரமாகிறது. மழைக்காலத்தில் எல்லாமே மெதுவாகக் காயும். அப்போது உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். சில்லென்று மாறும் இடம் தெரியும்.

இது பலருக்குத் தெரிந்த வழிதான். ஆனால் இருட்டு அறைக்குள் இருக்கும் சிலிண்டரை யார் தினம் வெளியே இழுத்துத் துடைப்பார்கள்? பார்ப்பதற்குச் சிரமமாக இருக்கும் பொருளை யாரும் பார்ப்பதில்லை. நம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதைவிட, பார்க்கச் சுலபமாக இடத்தை மாற்றிக்கொள்வதே மேல் என்று தோன்றிற்று.

ஆசாரியைக் கூப்பிட்டேன். கதவின் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, நடுப்பலகையை எடுத்துக் கம்பி வலை அடிக்கச் சொன்னேன். அவருக்கு மனசே வரவில்லை. "நல்ல பலகையம்மா, இன்னாத்துக்கு வெட்டறது? உள்ளாற ஒரு சின்ன பல்பு போட்டுக் குடுத்துடறேன், பளிச்சினு தெரியும்" என்றார். கேஸ் இருக்கும் அறைக்குள் பல்பும் சுவிட்சும் கூடவே கூடாது. கசிவு இருக்கும்போது சுவிட்சில் தெறிக்கிற சின்னப் பொறி போதும், தீப்பிடித்துவிடும். வலைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வலையைத் தரையை ஒட்டி இறக்கி அடிக்கச் சொன்னேன். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அது வெளியேற வழி கீழேதான் இருக்கவேண்டும். சிலிண்டர் வைக்கும் அறையில் எங்கும் இல்லாவிட்டாலும் தரையோரமாவது காற்றுப் போக வழி வேண்டும்.

பக்கப் பலகையையும் கை தாராளமாக நுழையும் அளவுக்கு வெட்டினார். சிலிண்டரைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தினோம். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஒரு விரலால் இழுத்தால் வெளியே வரும். டியூப் இழுபடாத தூரம் வரைக்கும்தான் இழுப்பது. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் இருக்கக்கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வீட்டு சிலிண்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் புது சிலிண்டர் மாட்டியதிலிருந்து வாரம் ஒரு முறை ஈரத்துணி வைத்துப் பார்த்து, அந்த மட்டத்தைக் கதவுச் சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வந்தேன். அது தீர்ந்ததும் பின்னோக்கி எண்ணி, ஒரு வாரச் செலவுக்கு மிச்சமிருந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. ஈரம் சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் அன்றைக்கே பதிவு. இப்போது என் மாமியார்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, செவப்புக்கு வந்துடுச்சி பாரு" என்கிறார். ஆசாரி கூலி, வலை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

இதை என் சித்தி மகனிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஜெர்மனியில் இருக்கிறான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வண்டி வீடு ஒன்று வைத்திருக்கிறான். உறையாமல் இருக்கக் கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கிக் குழாய்களில் ஓடவிட்டு, அதனால் வண்டிக்குள் கதகதப்பு உண்டாக்குகிறார்களாம். அந்த நீர் இருக்கும் சின்னத் தொட்டி துணி அலமாரிக்குப் பின்னால். நீர் குறைந்தால் குழாயில் காற்று புகுந்து சூடு நின்றுவிடும். அளவு பார்க்க எல்லாத் துணியையும் வெளியே எடுத்துப் போட்டு டார்ச் அடிக்க வேண்டுமாம். "நானும் போன மாசம் பலகையில ஓட்டை போட்டு ஜன்னல் வெச்சேன் அக்கா" என்றான். ஊர் வேறானாலும் தொல்லை ஒன்றுதான்!

நம் நாட்டிலும் 2021-ல் இண்டேன் நிறுவனம் கண்ணாடி இழையால் செய்த சிலிண்டரைக் கொண்டுவந்தது. எடை குறைவு, துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே திரவத்தின் மட்டமே தெரியும். பத்துக் கிலோ, ஐந்து கிலோ அளவுகளில் வந்தது. இரும்பு சிலிண்டர் வைத்திருக்கும் நமக்கு ஈரத்துணியே துணை.

இத்துடன் சில வார்த்தை. தீரப் போகிறது என்று சிலிண்டரைப் படுக்க வைப்பது, உருட்டுவது, வெந்நீரில் நிறுத்துவது எல்லாம் ஆபத்து. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் வந்து ஜ்வாலை திடீரென்று பாயும். சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். புது சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்த்துப் பார்த்தால் சரியாக இருக்கவேண்டும். கழுத்தருகே A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். அடுத்த பரிசோதனைக்கான கெடு அது. A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். கெடு தாண்டியதை வாங்காதீர்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்றைக்கு வேலை முடிந்ததும் உங்கள் மேடைக்குக் கீழே ஒரு தரம் குனிந்து பாருங்கள். கண் போகிறதா, கை போகிறதா, தரையோரம் காற்று போகிறதா? மூன்றும் போனால் நல்லது.

பேரன் இப்போது கொழுகொழுவென்று தவழ்கிறான். அவனுக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கம்பி வலைக் கதவு. பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்கிறான். அதனால் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கியும் போட்டாயிற்று.