பழைய அடுப்பும் புதிய வீடும்

குன்னூர்க்காரன் என்று சொன்னால் கல்லூரியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்ல ஏசியே தேவையில்லையாடா?" என்பதுதான். தேவையில்லை, உண்மைதான். ஆனால் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளை எப்படி ஓட்டுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பெரியப்பா வீட்டுக்கு வந்த ஒரு பழைய இரும்பு அடுப்பை வைத்து அதைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1850 மீட்டர். வெள்ளைக்காரர்கள் இங்கே பங்களா கட்டியபோது அறைக்கு அறை கணப்பும், கூரை மேல் புகைபோக்கியும் வைத்தார்கள். எரிப்பதற்குச் சோலைக் காடுகளை வெட்டினார்கள். விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். யூகலிப்டஸ் 1843-ல் வந்தது. நாங்கள் கற்பூர மரம் என்போம். சீகையும் அப்படி வந்ததுதான். நிலக்கரி இந்த மலையில் கிடையாது. அதை எரித்து மலை ஏறிய எங்கள் ரயிலின் நீராவி எஞ்சின்களே பல இந்த நூற்றாண்டில் எண்ணெய்க்கு மாறிவிட்டன.

சரி, அடுப்புக்கு வருவோம். ஒரு எஸ்டேட் பங்களாவைப் புதுப்பித்தபோது பழைய இரும்பு விலைக்குப் பெரியப்பா வாங்கி வந்தார். நான்கு பேர் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. அது நிலக்கரி அடுப்பு என்பது உள்ளே பார்த்தாலே தெரியும். தடிமனான கம்பித் தட்டு, சாம்பலை உதிர்க்க ஒரு கைப்பிடி, அடியில் காற்று போக ஒரு சின்னக் கதவு. நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து வரவேண்டும். விறகுக்கு அப்படியில்லை, சாம்பல் மெத்தை மேலேயே நன்றாக எரியும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கதவைச் சுற்றியிருந்த பழைய கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்பதால், முகமூடி போட்டு, தண்ணீரில் நனைத்து, தூள் பறக்காமல் எடுத்தோம். அதற்குப் பதில் கண்ணாடி இழைக் கயிறு. இருட்டில் அடுப்புக்குள் டார்ச் வைத்துப் பார்த்தபோது பக்கத் தகட்டில் ஒரு விரிசல் தெரிந்தது. வார்ப்பிரும்பைச் சும்மா பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். பட்டறைக்காரர் முதலில் தகட்டைச் சூடேற்றி, நிக்கல் ராடால் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டார். கடைசியில் கிராஃபைட் பாலிஷ் போட்டதும் அடுப்பு பளபளவென்று நின்றது.

வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் வேலையே அப்புறம்தான்.

"ஜன்னல் கண்ணாடி ஒண்ண எடுத்துட்டு பைப்ப வெளிய விட்டா போதும் சார்" என்றார் மேஸ்திரி. போதாது. சூடான புகை மேலே ஏறும்போதுதான் அடுப்பு காற்றை உள்ளே இழுக்கும். அதற்கு உயரம் வேண்டும். கூரையைத் தாண்டிக் குறைந்தது 3 அடி, 10 அடி சுற்றளவில் உள்ள எதையும் விட 2 அடி உயரம் என்பது பொதுவான கணக்கு. குழாயும் அடுப்பின் வாயை விடக் குறுகக்கூடாது.

அடுத்து காற்று. பழைய பங்களாவில் கதவிடுக்கு, ஓட்டிடுக்கு என்று எங்கிருந்தாவது காற்று வரும். பெரியப்பா வீடு கான்கிரீட், ஜன்னல்கள் யூபிவிசி. சாத்தினால் எறும்பு கூட நுழையாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் புகைபோக்கி வழியாகவே புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். அதனால் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வெளிக்காற்றுக்கென்றே ஒரு துளை போட்டோம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? எங்கள் பாட்டிக்காகத்தான். பாட்டி ராத்திரியில் கரிச்சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். "அந்தக் காலத்துல நாங்க இதோடதாண்டா தூங்கினோம்" என்பார். தூங்கினார்கள், சரி. ஆனால் அந்த வீட்டில் ஓட்டுக்கூரை வழியாக நட்சத்திரம் தெரியும்!

அறைக்குள் கரி மூட்டிவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று குளிர்காலத்தில் வரும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கரியில் புகை இல்லையே, ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் வினை.

இப்போது அடுப்பு கூடத்தில் எரிகிறது. கம்பித் தட்டின் மேல் ஒரு அங்குலம் சாம்பலை விட்டு, ஒரு வருடம் கொட்டகையில் காய்ந்த சீகை விறகு மட்டும் போடுகிறோம். ஈர விறகு போட்டால் குழாய்க்குள் தார் படிந்து அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். கூடத்தில் ஒன்று, பாட்டி அறையில் ஒன்று என கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். கரிச்சட்டி தோட்டத்துக்குப் போய்விட்டது. பாட்டிக்கு அதில் இன்னும் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியை யாருக்கும் விடுவதில்லை :-)

ஊட்டி, கொடைக்கானல் என்று டிசம்பரில் சுற்றுலா வரும் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். எவ்வளவு குளிரினாலும் ரூமுக்குள் கரி அடுப்பு கேட்காதீர்கள். இன்னொரு கம்பளி கேளுங்கள்.