இரண்டு சொக்கர்

எழுதியதை அழித்துத் திருத்துவதும், திருத்தியதை மறுபடி பழைய நிலைக்கே கொண்டுவருவதும், இரண்டில் எது சரியென்று நிச்சயிக்க முடியாமல் இரவெல்லாம் விழித்திருப்பதும் பதிப்பு வேலையில் இறங்கியவர்களுக்குப் பழகிப்போன சங்கடங்கள்தாம். ஆயினும், எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிகிற ஒரு சொல்லை யந்திரம் இரண்டென்று சாதிக்கும் விசித்திரத்தை, சென்ற ஐப்பசி மாதத்து அடைமழையில், வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகேயுள்ள என் வீட்டு மாடியறையில்தான் முதன்முதலாக அனுபவித்தேன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைப் பழைய அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மதுரைக் காண்டம் 18, கூடற் காண்டம் 30, திருவாலவாய்க் காண்டம் 16 என 64 படலங்கள்; படலத்துக்கு ஒரு கோப்பு. திருமங்கலத்தில் இருக்கும், என்னை ‘அண்ணே’ என்று உரிமையோடு அழைக்கும் இளைஞர் ஒருவர் இந்த வேலையில் பாதியை ஏற்றுக்கொண்டதோடு, கோப்புகளைக் கிட்டில் வைத்தால் யார், எந்த நாளில், எந்த எழுத்தைத் திருத்தினார் என்பது கல்வெட்டுப்போல் நிற்கும் என்று சொல்லி எனக்கும் அதைப் பழக்கினார். லினக்ஸ் கெர்னல் வேலைக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பிட்கீப்பர் கைவிட்டுப்போன நெருக்கடியில், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அந்தக் கருவி, ஆலவாய்ப் புராணத்துக்கும் காவலாக வந்து நின்றது எனக்கு ஆனந்தமாகவே இருந்தது.

முதல் சோதனை சிறியது. ‘மண் சுமந்த படலம்’ என்று தமிழிலேயே பெயரிட்ட கோப்பை, கிட் ஸ்டேட்டஸ் கேட்டபோது அது 340, 256, 256 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசையாகக் காட்டியது. கோப்பு சிதைந்துவிட்டதோ என்று பயந்தேன். சிதையவில்லை, ‘ம’ என்ற ஓரெழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக இருப்பதையும், அந்த மூன்றையும் கிட் எட்டின் அடிமான எண்களாக எழுதிக் காட்டுவதையும் தம்பி விளக்கி, கோர் குவோட்பாத் என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கியதும் படலத்தின் பெயர் பழையபடி தமிழில் வந்தது.

இரண்டாவது சோதனை அவ்வளவு எளிதில் விடவில்லை. ஒரு படலத்தில் விடுபட்டிருந்த சில செய்யுட்களை, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், இருவருமே தனித்தனியாகச் சேர்த்திருந்தோம். நான் தமிழ்99 விசைப்பலகையில் புதிதாகத் தட்டினேன். அவர் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்த ஒரு பழைய கோப்பிலிருந்து மாற்றி ஒட்டினார். மெர்ஜ் செய்தபோது வரிக்கு வரி கான்ஃப்ளிக்ட். ஏழு கோணக்குறிகளுக்குக் கீழே என் வரி, ஏழு சமக்குறிகள், அவற்றின் கீழே அவர் வரி, மறுபடி ஏழு கோணக்குறிகள். மேலேயும் ‘சொக்கர்’, கீழேயும் ‘சொக்கர்’. அவருடையது விண்டோஸ், என்னுடையது லினக்ஸ். வரி முடியும் இடத்தில் முன்னது இரண்டு குறிகளும் பின்னது ஒன்றும் இடும் வழக்கத்தால் வந்த வினையாக இருக்கும் என்று அதைச் சரிசெய்து பார்த்தோம். பலிக்கவில்லை.

பொறுமை இழந்த அந்த வேளையில், ஒரு நண்பர் சொன்னதை நம்பி, அதன் பொருளை விசாரியாமலே ‘ரீசெட் ஹார்ட்’ கட்டளையை ஒரு பழைய கமிட்டின் எண்ணோடு சேர்த்துத் தட்டிவிட்டேன். பதினோரு நாளைய திருத்தங்கள் கண்முன்னே மறைந்தன. கோப்புறையை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக க்ளோன் செய்துகொள்ளலாம் என்றுதான் தோன்றியது. நல்லவேளையாக அதற்கு முன் தம்பிக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, ஃபோல்டரை மட்டும் டெலீட் பண்ணிராதீங்க. அப்படியே விடுங்க.”

கிட் ரெஃப்லாக் என்று தட்டச் சொன்னார். நான் அன்றுவரை செய்த ஒவ்வொரு கமிட்டும், தாவலும், தவறும் தலைகீழ் வரிசையில் வந்து நின்றன. மேல்வரியில் என் ரீசெட், அதற்கு அடுத்த வரியிலேயே காணாமற்போன கடைசிக் கமிட். அந்த வரியின் முதல் ஏழு எழுத்துகளைக் கொண்டு ‘மீட்பு’ என்று ஒரு பிராஞ்ச் போட்டதும் பதினோரு நாளும் திரும்பி வந்தன. இந்தப் பதிவேடு நம் கணினியில் மட்டுமே இருப்பது. புதிய க்ளோனில் வராது. கிளைகளின் பிடியிலிருந்து விடுபட்ட கமிட்டுகளை அது சாதாரணமாக 30 நாள் நினைவில் வைத்திருக்கும். கமிட் செய்யாத, ஆட் கூடச் செய்யாத எழுத்துக்கு அந்தக் காவலும் கிடையாது. அது போனால் போனதுதான்.

மறுநாள் தம்பி நேரில் வந்து, இரண்டு ‘சொக்கர்’களையும் பைட் பைட்டாகப் பிரித்து எண்ணினார். என்னுடையது 21 பைட், அவருடையது 24. “எழுத்து ஒண்ணுதான் அண்ணே, உள்ளே வச்ச விதம்தான் வேற” என்றார். ‘சொ’வில் உள்ள கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்க யூனிகோடில் இடமுண்டு, இரண்டு குறிகளாகப் பிரித்து வைக்கவும் இடமுண்டு, இரண்டும் சமமென்று அந்தத் தரம் சொன்னாலும், கிட் பார்ப்பது பைட்டை மட்டுமே.

இதைக் கேட்டதும் என் நினைவு ஏடுகளின் பக்கம் போயிற்று. பழைய ஏட்டில் புள்ளி இராது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேற்றுமை இராது. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் பேதம் காட்டும் வழக்கத்தை மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தினார் என்பர். ஒரே வடிவத்தை இரண்டு விதமாகப் படிக்க நேர்ந்த அந்தத் துன்பத்தோடுதான் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். வேறு பாடங்களைப் பிரதிபேதம் என்று அடியில் குறிக்கும் நெறியையும் அவர் பதிப்புகளில் காண்கிறோம். எங்களுக்கு நேர்ந்தது பிரதிபேதமன்று, பேதம்போல் வந்த பிரமை. அந்தப் பிரமையைக் களைந்தால்தான் மெய்யான பேதம் கண்ணில் படும் என்பது எனக்கு அன்று உறுதியாயிற்று.

தம்பி பைத்தானில் சில வரிகள் எழுதி, இரு கிளைகளிலும் எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினார். மறுபடி மெர்ஜ் செய்தோம். ஐந்தே இடங்களில் கான்ஃப்ளிக்ட் நின்றது. ஐந்தும் அச்சுப் பிரதிகளிலேயே வேறுபடுகிற உண்மையான பாடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாடத்தை மூலத்தில் வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் சேர்த்தோம்.

தமிழ் நூல்களைக் கிட்டில் வைத்துப் பேணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் கமிட்டுக்கு முன்பே கோப்புகளை என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால்தான் மாற்ற நேர்கிறது என்றால், அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாக வையுங்கள். அதில் வேறு ஒரு காற்புள்ளித் திருத்தத்தையும் கலக்காதீர்கள்.