சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும் பாடம்

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் எனக்குக் கிடைத்தது பத்தாம் தரம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் படிப்பை முடித்துக் கட்டுறு பயில்வுக்கு வந்திருந்தேன். அணியிலக்கணம் எனக்கு மனப்பாடம்; பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வரைவிலக்கணம் கேட்டால் பிசகாமல் சொல்வார்கள். பழக்கமில்லாத கவிதையொன்றைக் கொடுத்து அணியைக் காட்டச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். பாட்டுக் காணொளிகளை வைத்துக் கற்பிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. அதை எப்படிச் செய்வது என்று பழக்கியவர் வழிகாட்டி ஆசிரியர்.

“பிள்ளை, முதல்ல சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் படத்தைக் காட்டுங்கோ. அணியின்ர பேரையும் சொல்லாதேங்கோ. பேர் கடைசியா வரட்டும்.”

தற்குறிப்பேற்றத்தில் தொடங்கினோம். பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலன் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் ‘வரவேண்டாம்’ என்று கைகாட்டுவதுபோல அசைகின்றன. காற்றில் கொடி அசைவது இயற்கை. அதற்கொரு காரணத்தை ஏற்றியவர் இளங்கோ. இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைத்தான் பிள்ளைகள் பிடிக்க மாட்டார்கள். சத்தமில்லாத படம் அதைப் பிரித்துத் தந்துவிடுகிறது. கமராவால் அசைவை மட்டும்தான் காட்ட முடியும். காரணத்தைப் பார்க்கிறவர்தான் சொல்லவேண்டும்.

யன்னல்களுக்குத் துணி கட்டி இருட்டாக்கி, மல்டிமீடியாவில் ஒரு பாட்டின் சில நொடிகளை ஓடவிட்டேன். கண்ணாடியில் மழை வழிகிறது. ஏன் வழிகிறது என்று எழுதச் சொன்னேன். சிலர் பாடநூல் நடையிலேயே எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன் மழையை விட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போயிருந்தான். சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. பங்கு கிடைக்காத வயல்களின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, வாய்க்கால் தண்ணீர் குனிந்தபடி வேகமாக ஓடுகிறதாம். அதைக் கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே ‘தற்குறிப்பேற்றம்’ என்று எழுதினேன். அதன் பிறகு அந்தச் சொல்லை யாருக்கும் விளங்கப்படுத்தவேண்டி வரவில்லை.

காணொளியைத் தெரிவு செய்வதும் ஒரு வேலை, அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. “சொல்லில நிலா வர, படத்திலயும் நிலா வருகுதோ? அப்ப அதை விடுங்கோ,” என்பார் சேர். சொல்லையே படமும் திருப்பிச் சொன்னால் பிள்ளை கற்பனை செய்ய ஒன்றும் மிஞ்சாது. உருவகம் வெறும் பொருளாகத் திரையில் வந்து நின்றுவிடும். சொல் ஒரு பக்கமும் படம் இன்னொரு பக்கமும் இழுக்கும் பாட்டுகளைத் தேடவேண்டும். அப்படித் தேடியபோது 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ அகப்பட்டது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் இயக்கம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர். காணொளியில் அவரை ராணிபோல இருத்தியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் பார்த்த பிள்ளைகள் ‘அரசி’, ‘காணிக்காரி’ என்று எழுதினார்கள். பிறகு சத்தத்தைக் கூட்டினோம். தோட்டத்தை உண்டாக்கியவருக்கே தாகம் தீரவில்லை என்கிறது பாட்டு. முரண் என்றால் என்னவென்று அந்த இடத்தில் வகுப்பே கண்டுகொண்டது. கிளிநொச்சி மாவட்டத்தில் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. “எங்கட அம்மம்மாவும் கொழுந்து பறிச்சவ ரீச்சர்,” என்று ஒருத்தி சொன்னாள். அதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இன்னொரு பாட்டுக்குப் படமே வேண்டாம் என்று தீர்மானித்தோம். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் வந்த படம். அதன் கதை எங்கள் மாங்குளத்தைத் தொட்டுப் போகிறது. ‘விடை கொடு எங்கள் நாடே’ வைரமுத்து எழுதியது. அந்தப் பாட்டில் சனம் ஊரைவிட்டு வெளிக்கிடுகிறது. 2009 தை மாதம் போர் நெருங்க, முரசுமோட்டையால் போகும் இதே பரந்தன் முல்லைத்தீவு வீதியால்தான் எங்கள் பெற்றோர் தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே போனார்கள். பத்தாம் தரத்துப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை நடிகர்களின் முகத்தில் அவர்களுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒலியை மட்டும் போட்டேன். அந்தப் பாட்டு நாட்டோடு பேசுகிறது, பனங்காட்டோடு பேசுகிறது. கேட்காத பொருளைக் கேட்பதுபோல வைத்துப் பேசும் வழக்கு அஃறிணைக்கும் உண்டு என்று நன்னூலில் பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன், வீட்டில் யாராவது அப்படிப் பேசக் கேட்டதுண்டா என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, “கிணத்தடி மாமரத்திட்ட ‘வந்திடுவம்’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டதாம் எண்டு அம்மா சொல்லுவா,” என்றாள். நன்னூல் விதியை அதன் பிறகே எழுதிப்போட்டேன்.

சிலேடைக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் வைக்கிறார். படம் பாம்பைக் காட்டினால் எள் போய்விடும். எள்ளைக் காட்டினால் பாம்பு போய்விடும். சேரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். அன்றைக்கு மல்டிமீடியாவைக் கேட்டு வாங்குவதில்லை. பாட்டைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு நிற வெண்கட்டியால் சொற்களைப் பிரித்துப் பிரித்து வாசிக்கிறோம்.