தோற்றவருக்குக் கைதட்டல்

ஜங் சான் சுங்கை உங்களுக்குத் தெரியுமா? போன வாரம் என் பையன் பழைய வீடியோக்களைக் காட்டும்வரை எனக்கும் தெரியாது. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைக்காரர், கொரியாக்காரர். எத்தனை அடி வாங்கினாலும் முன்னால் நடந்து வந்துகொண்டே இருப்பதால் 'கொரியன் ஸோம்பி' என்று பட்டப்பெயர்.

2010-ல் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே, லெனார்ட் கார்சியாவிடம் தோற்ற சண்டைதான்! 2013-ல் சாம்பியன் ஆல்டோவுடன் மோதும்போது தோள்பட்டை நழுவியது. சண்டைக்கு நடுவிலேயே அதை உள்ளே தள்ளப் பார்த்தார். தோல்வி. 2018-ல், 25 நிமிடச் சண்டை முடிய ஒரே ஒரு விநாடி பாக்கி. யாயிர் ரோட்ரிகஸின் முழங்கை பட்டு மயங்கி விழுந்தார். 2022-ல் மறுபடி பட்டத்துக்கு மோதினார். மறுபடி தோல்வி.

2023 ஆகஸ்ட், சிங்கப்பூர். மேக்ஸ் ஹாலோவே மூன்றாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். எழுந்த ஜங், 'இத்துடன் ஓய்வு' என்று அறிவித்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவர் எப்போதும் களத்துக்கு வரும்போது ஒலிக்கும் 'ஸோம்பி' பாட்டையே கூட்டம் பாடி வழியனுப்பியது.

"கடைசிவரை சாம்பியன் ஆகவே இல்லையாடா?"

"இல்லப்பா. அதனால என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் கராத்தே போட்டியில் இவன் தோற்றபோது, ஊரிலிருக்கும் அம்மாவிடம், 'காய்ச்சல், போகலை' என்று சொல்லியிருந்தேன். கடைசிவரை நின்று தோற்றவனை, போகவே இல்லை என்று ஆக்கிவிட்டேன்!

ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நீங்கள் யாருக்குப் போட வேண்டியிருக்கிறது?