குட்டியும் வளர்ந்ததும்

போர்ட் கொச்சிக் கடற்கரையில் சீனவலைகள் நீரினின்று மேலெழும் வேளையில் பூனைகள் அருகில் வந்து காத்திருக்கும். சிக்கும் சிறுமீனில் தமக்கும் பங்குண்டு என்பது அவற்றின் துணிபு. மட்டாஞ்சேரியில் அரிசியும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய பண்டகசாலைகளில் அவற்றுக்கு எலி பிடிக்கும் உத்தியோகம். இத்தகைய ஊரில் ஒரு பூனையைக் கொள்ள நாங்கள் மூன்று ஆண்டுகள் தயங்கினோம் என்றால் படிப்பவர்க்கு நகைப்புத் தோன்றலாம்.

தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. இங்குக் குடிவந்த முதல் ஆண்டு, இடவப்பாதி மழையில் வாயிற்படியில் கிடந்த குட்டியொன்றை எடுத்து வளர்க்க முற்பட்டோம். உள்ளங்கையில் அடங்கும் உயிர். பசும்பாலைத் துணித்திரியில் நனைத்துப் புகட்டினோம். அன்பு குறைவின்றி இருந்தது, அறிவு இல்லை. பசும்பால் பூனைக்குட்டியின் குடலுக்கு ஒவ்வாது என்பதும், எட்டு வாரமேனும் அது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கவேண்டும் என்பதும், விளையாட்டில் எவ்வளவு கடிக்கலாம் என்பதைக்கூட அங்கேதான் கற்கிறது என்பதும் பின்னரே எங்களுக்குத் தெரிந்தன. வயிற்றுப்போக்குக் கண்டு ஒன்பதாம் நாள் அது மடிந்தது. முருங்கையடியில் புதைத்தோம். எங்கள் மகள் நெடுநாள் முருங்கைக்காய்ச் சாம்பாரைத் தொடவில்லை.

தெருப்பூனைகளைப் பேணிவரும் பக்கத்துத் தெருச் சேச்சி ஒருநாள் எங்களை அழைத்தார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று பத்து வாரக் குட்டி, செம்பட்டை நிறம், தன் வாலையே பகையென்று எண்ணிப் போர் புரிந்துகொண்டிருந்தது. மற்றொன்று ஐந்து வயதுப் பெண்பூனை. வளர்த்த குடும்பத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட, மூடிய கதவின் முன்னே பன்னிரண்டு நாள் அமர்ந்திருந்ததாம். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதுநுனி கத்தரிக்கப்பட்டிருந்தது. அது எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மகள் குட்டியின் பக்கம் சாய்ந்தாள். நாங்கள் கணக்குப் பார்த்தோம். குட்டிக்குத் தடுப்பூசிகள் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடவேண்டும்; காலில் சிக்கும்; எழுபத்து நான்கு வயதில் கைத்தடி ஊன்றி நடக்கும் அம்மாவுக்கு அது ஆபத்து. வளர்ந்த பூனையின் குணமோ முன்னரே தெரிந்தது.

அம்மாதான் மறுத்தார். “குட்டியென்றால் நம் பழக்கத்துக்கு வளரும். இது பிறர் வீட்டில் உண்டு வளர்ந்தது. இந்த வயதில் இடம் மாற்றினால் ஒட்டுமா?”

எவரும் மறுமொழி கூறவில்லை. அப்பா மறைந்த பின் ஆழ்வார்திருநகரி வீட்டைப் பூட்டி, அவரை இங்கு அழைத்து வந்தவர்கள் நாங்களே. ஆறு ஆண்டுகளாகியும் கடைத்தெருவில் ஒரு சொல் மலையாளம் பேசாதவர் அவர்.

அன்றிரவு அம்மா உறங்கவில்லை. தென்கலை வைணவத்தில் ஊறியவர். மார்ச்சார நியாயம் அவருக்குக் கதையன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ வாளா கிடக்கும், தாயே வந்து கவ்விச் செல்லும். இறைவன் அருளும் அத்தகையது என்பது அந்நெறி. விடிந்ததும் எங்களிடம் சொன்னார்: “குட்டியை யாரேனும் வந்து தூக்கிப் போவார்கள். வளர்ந்ததைத் தூக்க யார் இருக்கிறார்கள்?”

அவர் சொன்னபடியே குட்டி அன்று மாலைக்குள் வேறொரு வீடு சேர்ந்தது. பெரியதை நாங்கள் கொண்டு வந்தோம்.

முதல் மூன்று நாள் அலமாரியின் அடியிலிருந்து அது வெளிவரவில்லை. புதிய பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஓர் அறையை மட்டும் கொடுங்கள் என்று சேச்சி சொல்லியிருந்தார். அம்மா தம் அறையையே கொடுத்தார். தயிர்ச்சோறு தீண்டப்படாமல் காய்ந்தது. பூனை புலாலின்றி வாழ இயலாத பிறவி. சைவ வீட்டில் மத்தி மீன் நுழைவது எளிய செய்தியா? கொல்லைப்புறத்தில் தனிச்சட்டி என்று உடன்பாடாயிற்று. தட்டை அலமாரி வரை கொண்டு செல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கொண்டு செல்பவர் அவரே.

உண்டது; வெளிவரவில்லை. நாங்கள் தமிழில் எத்தனையோ கொஞ்சி அழைத்தோம். அதற்குத் தெரிந்தது மலையாளம்.

பதினோராம் நாள் அந்தியில் அவ்வறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “இவிடெ வா, மோளே. பூச்சே, வா.” எட்டிப் பார்த்த எங்களைக் கண்டு அம்மா சற்றே நாணி, “இவர்கள் பூச்ச என்பது கம்பர் சொன்ன பூசைதானே!” என்றார். அலமாரியின் அடியிலிருந்து கத்தரித்த காதொன்று மெல்ல வெளியே வந்தது.