புதுவைப் பயணம் – 3: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

பம்மலில் கிளம்பிக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிய கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் பறவைகள்.

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு கைவினைக் கடை. அலமாரியில் வரிசையாகக் குருவிகள். “ஸ்டோன்வேர் சார். ஒவ்வொண்ணும் கையால செஞ்சது” என்றார் கடைக்காரர். விலை 1,800 ரூபாய். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். அலகில் தொடங்கி வயிற்றின் நடுவாக வால்வரை மெல்லிய கோடு ஓடியது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. கிளேஸ் படாத அடிப்பக்கத்தில் ஈர விரலை வைத்தால் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. நன்றாக வெந்த ஸ்டோன்வேர் அப்படி இழுக்காது. போதாக்குறைக்கு எல்லாக் குருவிகளும் ஒரே பக்கம் கழுத்தைச் சாய்த்திருந்தன.

“இது அச்சுல வார்த்ததுதானே?”

“வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா வச்சிட்டுக் கிளம்புங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை அச்சில்தான் வார்க்கிறார்கள். அது நேர்மையான தொழில். அதற்கேற்ற விலைக்கு விற்கிறார்கள். கையால் செய்தது என்று சொல்லி அதே பொம்மைக்குப் பல மடங்கு பிடுங்குவது, வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறது, நிஜமாகவே கையால் செய்கிறவர் வயிற்றிலும் அடிக்கிறது. இதை அங்கேயே சத்தமாகச் சொன்னேன். உள்ளே இருந்த மற்றவர்களும் குருவிகளைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒரு அம்மா வெளியே வந்து, “நான் மண்வேலை செய்றவதான். வந்து பாருங்க சார்” என்று தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். ஆரோவில் போகும் சாலையில், துடைத்துவைத்தாற்போல் சுத்தமான கொட்டகை. மண்தூசி நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் அங்கே துடைப்பத்துக்கே இடமில்லை, ஈரத்துணிதான்.

இரண்டு மண் உருண்டைகளைக் கட்டைவிரலால் குடைந்து கிண்ணங்களாக்கினார். விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவி, ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டினார். தட்டத் தட்ட உருண்டை ஒரு ஆந்தையின் உடம்பானது. பழைய சீப்பால் நெஞ்சில் இறகு கீறினார். அடியில் ஈர்க்குச்சியால் ஒரு துளை போட்டார். அது இல்லாவிட்டால் உள்ளே மிஞ்சிய ஈரம் சூளையில் ஆவியாகிப் பறவையை வெடிக்கவைத்துவிடும். காய்ந்து வெந்து முடிவதற்குள் உருவம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும்.

“கொக்கு செய்ய மாட்டீங்களா?”

“1,250 டிகிரிக்கு மேல போனா மண்ணே இளகும் சார். மெல்லிசான கால் தாங்காது. அதான் ஆந்தை, காடை, புறான்னு உக்காந்திருக்கிறதாவே செய்றோம்.”

எங்கள் பம்மலுக்கு அடுத்த பல்லாவரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை நினைவுக்கு வந்தது. அதற்கும் வரிசையாகக் குட்டைக் கால்கள்தான். மண் எவ்வளவு தாங்கும் என்று அந்தக் காலத்துக் குயவருக்கும் தெரிந்திருக்கிறது.

புதுவையில் இந்த ஸ்டோன்வேர் வேலைக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும், ஜப்பானில் மண்வேலை பயின்ற டெபோரா ஸ்மித்தும். 1971இல் அவர்கள் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்கள் இன்று பல ஊர்களில் சூளை வைத்திருக்கிறார்கள். மண்பறவைகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கமோ இன்னும் பழையது. லண்டனில் 1873இல் தொழில் தொடங்கிய மார்ட்டின் சகோதரர்கள் நால்வர், தலையைத் தனியே கழற்றக்கூடிய பறவை ஜாடிகளைச் செய்தார்கள். பெயரும் தேதியும் கீறிய அந்த ஜாடிகள் இன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகின்றன.

அந்த அம்மாவும் ஆந்தையின் அடியில் தன் முத்திரையைப் பதித்தார். முன்பே சுட்டுவைத்த ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன், பேரம் பேசவில்லை. சூளையைத் திறக்கும்போது விரிசல் விட்டவை, கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டவை எல்லாம் குப்பைக்குப் போகின்றன. அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் நல்ல பறவைக்கு விலை வைக்க முடியும். கடைக்காரர்கள் விலைச்சீட்டில் ‘அச்சு’, ‘கைவேலை’ என்று எழுதி வைத்தாலே போதும். எதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார்.

(அடுத்த வாரம்: கடலூர்)