பாட்டு இனிக்க இன்னொரு பெட்டியா?

இணையம் வழி வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்கென்றே தனி 'சுவிட்ச்' பெட்டிகளும் நெட்வொர்க் கேபிள்களும் விற்கிறார்கள். கணினிக் கடையில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் சாதாரண சுவிட்ச் செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன. விலை மட்டும் ஆயிரக்கணக்கில். பொருத்தினால் பாடகரின் குரல் முன்னால் வந்து நிற்கும், வயலின் தனியே பிரிந்து கேட்கும் என்கிறார்கள்.

செராஸில் எங்களோடு இருக்கும் என் தம்பிக்கும் இந்த ஆசை வந்தது. வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்த போனஸ் பணத்திலிருந்து 3,000 வெள்ளியை எடுக்கப் போவதாகச் சொன்னான். "அக்கா, நீ ரேடியோவில இருக்க. நல்ல சத்தம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தான்.

ரேடியோவில் இருப்பதால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. இன்று பல ஒலிபரப்புக் கூடங்களில் மைக்கில் பேசும் குரல் நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் மிக்சருக்குப் போகிறது. நேரலையில் தவறிய துண்டைத் திரும்பக் கேட்க நேரமில்லை. அதனால் குரலுக்கு முன்னுரிமை தரும் சுவிட்ச் வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். அங்கேயும் அந்த வேலையைச் செய்வது பெரிய அலுவலகங்களில் இருக்கும் வகை சுவிட்ச்தான்.

வீட்டில் பாட்டு கேட்பது வேறு கதை. பாட்டு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒன்று கெட்டாலோ தொலைந்தாலோ மறுபடியும் அனுப்பப்படும். 1981-இல் வகுக்கப்பட்ட டிசிபி விதி இது. கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இதே விதியில்தான் ஓடுகிறது. விலை உயர்ந்த கேபிள் போட்டால் கணக்கில் பத்து வெள்ளி கூடுமா?

வந்த பொட்டலங்கள் முன்கூட்டியே கருவியின் நினைவகத்தில் சேர்ந்துவிடும். கருவி அவற்றை எடுத்து, தன் சொந்தக் கடிகாரத்தின்படி இசையாக மாற்றும். நம்பிக்கை இல்லையென்றால், பாட்டு ஓடும்போதே நெட்வொர்க் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்குப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபிள் இல்லாமலே ஓடும் பாட்டைக் கேபிள் எப்படி இனிமையாக்கும்?

"கேபிள் வழியா மின் இரைச்சல் வருமே?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. கருவிகளை மின்சார ரீதியில் பிரித்து வைக்கவே நெட்வொர்க் போர்ட்டில் சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதையும் மீறி ஏதாவது வந்தால் காது சொல்லட்டும் என்று சோதித்துப் பார்த்தோம்.

நண்பரிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கினான். அம்மா அலமாரிக்குப் பின்னால் நின்று, காசு சுண்டிப் போட்டு, பூவா தலையா பார்த்து கேபிளை மாற்றினார். தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். 20 முறையில் 11 முறை சரியாகச் சொன்னான். கேட்காமலே குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். முதலில் அவனுக்கு வித்தியாசம் கேட்டது என்பதும் பொய்யில்லை. புதுப் பெட்டி ஓடுகிறது என்று தெரிந்தால் மனம் கூர்ந்து கேட்கும். பழைய பாட்டிலும் புதிதாக ஏதோ அகப்படும்.

அப்படியானால் எதுதான் உதவும்? எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே எம்ஆர்டி பாதை. உள்ளே தரை முழுக்க டைல்ஸ். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினோம். தடித்த திரைச்சீலையும் தரை விரிப்பும் போட்டோம். தபேலாவை அமுக்கிக்கொண்டிருந்த 'கும்' சத்தம் குறைந்தது. அதைச் சொல்ல அம்மாவுக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

செயலியில் ஒலித்தரம் 'தானியங்கி' என்றிருந்தால் உயர்தரத்துக்கு மாற்றுங்கள். பழைய திரைப்பாடல் என்றால் அதே பாட்டின் வேறு பதிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். ஒலிநாடாவிலிருந்து எப்படி மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும்.

பாட்டு விக்கி விக்கி நின்றால் மட்டும் நெட்வொர்க்கைக் கவனியுங்கள். சிடி தரத்துப் பாட்டுக்கு வினாடிக்கு சுமார் 1.4 மெகாபிட் போதும். 100 மெகாபிட் இணைப்பில் அது ஒரு மூலை. அறைக்கு வைஃபை எட்டவில்லையா? ரூட்டரிலிருந்து ஒரு சாதாரண கேபிள் இழுங்கள், சரியாகிவிடும்.

தம்பியின் 3,000 வெள்ளி வங்கியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். பெட்டியை இரவல் வாங்கி வரச் சொல்லுங்கள். அலமாரிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாமலே காதுக்குத் தெரிந்தால், தாராளமாக வாங்கட்டும்.